யுஎஸ்பி சாதனத்தோடு பேசும் நிரல் மக்கர் செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். யுஎஸ்பி சாதனங்களோடு பேச உதவும் நூலகமான லிப்யுஎஸ்பி, அதன்மேல் நிற்கும் பைதான் நூலகம் பையுஎஸ்பி, ஹெச்ஐடி (விசைப்பலகை, மவுஸ் போன்ற வகை) சாதனங்களுக்கான ஹிட்ஏபிஐ, சீரியல் போர்ட்டுக்கான பைசீரியல், இவற்றில் ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கானது இது. மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் படிக்கும் வரியிலும் எழுதும் வரியிலும் தேடப்படும் கோளாறு பல சமயம் அதற்கு இரண்டு படி முன்னாலேயே உட்கார்ந்திருக்கும்.

சாதனத்தைச் செருகிவிட்டேன், நிரல் "சாதனம் கிடைக்கவில்லை" என்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் நிரலை மூடுங்கள். இயங்குதளத்துக்கே அந்தச் சாதனம் தெரிகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி, விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன். அங்கே இல்லாத சாதனத்தை உங்கள் நிரல் எந்த மந்திரம் போட்டாலும் கண்டுபிடிக்காது. லினக்ஸ் என்றால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்திகளை ஓடவிட்டுக்கொண்டே செருகிப் பாருங்கள். ஒரு வரிகூட வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் செய்ய மட்டுமே ஆன கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது, விளக்கு எரிவதைப் பார்த்து ஏமாறவேண்டாம். "டிஸ்கிரிப்டர் படிக்க முடியவில்லை" என்று -71 அல்லது -110 பிழையோடு செய்தி வந்தால், சாதனம் இருப்பது தெரிகிறது, ஆனால் பேச்சு நடக்கவில்லை (டிஸ்கிரிப்டர் என்பது சாதனம் தன்னைப் பற்றித் தரும் அறிமுகத் தகவல்). -71 கம்பி மட்டத்தில் உரையாடல் குலைந்ததற்கான எண், -110 குறித்த நேரத்துக்குள் பதில் வராததற்கான எண். கேபிள், ஹப், மின்சாரம், சாதனத்துக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர், இந்த நான்கில் ஒன்று.

பட்டியலில் இருக்கிறது, நிரலுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (பொருள் எண்) இரண்டையும் பாருங்கள். இவை எப்போதும் ஹெக்ஸில்தான் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) எழுதப்படும். 0403 என்று பார்த்துவிட்டு நிரலில் சாதாரண 403 என்று போட்டால் கிடைக்காது, அதன் தசம மதிப்பு 1027. இன்னொன்று, பூட்லோடர் நிலையில், அதாவது புதிய ஃபர்ம்வேரை ஏற்றக் காத்திருக்கும் நிலையில் இருக்கும்போது பல போர்டுகள் வேறு பிஐடியோடு வரும்.

லினக்ஸில் சுடோ போட்டால் ஓடுகிறது, போடாவிட்டால் "அனுமதி இல்லை" என்கிறது. சுடோவிலேயே ஓட்டிவிடலாமா?

வேண்டாம். லிப்யுஎஸ்பியில் -3 என்று வரும் இந்தப் பிழைக்கு மருந்து ஒரு யுடெவ் விதி, அதாவது செருகப்படும் சாதனத்துக்கு யாருக்கு அனுமதி என்று லினக்ஸுக்குச் சொல்லும் விதி. விதிக் கோப்பில் விஐடி, பிஐடி இரண்டையும் சிற்றெழுத்து ஹெக்ஸில் எழுதி, 0660 அனுமதியும் ஒரு குழுவும் கொடுங்கள், அல்லது யுஅக்சஸ் என்ற டேகைப் போடுங்கள். டேக் வழியில் போனால் கோப்பின் பெயர் 73க்குக் குறைந்த எண்ணில் தொடங்கவேண்டும், ஏனென்றால் அந்த டேகைப் படித்து அனுமதி கொடுக்கும் விதி 73இல் இருக்கிறது. 99 என்று பெயர் வைத்தால் விதி சரியாக இருந்தும் ஒன்றும் நடக்காது. பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். விதிகளை மறுபடி ஏற்றிவிட்டு, சாதனத்தைப் பிடுங்கிச் செருகுங்கள்.

சீரியல் போர்ட்டாக வரும் சாதனம் என்றால் விதிகூட வேண்டாம். டெபியன், உபுண்டுவில் உங்கள் பயனர் டயல்அவுட் குழுவில் இருந்தால் போதும், ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவுக்கு யுயுசிபி என்று பெயர். சேர்த்தபிறகு வெளியேறி மறுபடி உள்நுழையவேண்டும்.

திறக்கிறது, ஆனால் இண்டர்ஃபேஸைக் கேட்கும்போது "பிஸி" (-6) என்கிறது. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

இண்டர்ஃபேஸ் என்பது சாதனத்துக்குள் ஒரு வேலைக்கான பகுதி. அதைப் பிடித்திருப்பது பெரும்பாலும் கெர்னல் டிரைவர். விசைப்பலகை, சீரியல் சிப், ஆடியோ, எதுவாக இருந்தாலும் செருகியவுடன் கெர்னல் தன் டிரைவரை ஒட்டிவிடும். லிப்யுஎஸ்பியில் தானாகக் கழற்றிக்கொள்ளும் வசதியை இயக்கிவிட்டால், நீங்கள் இண்டர்ஃபேஸைக் கேட்கும்போது கெர்னல் டிரைவர் விலகும், விடும்போது திரும்ப ஒட்டிக்கொள்ளும். பையுஎஸ்பியில் நீங்களே சோதித்துக் கழற்றவேண்டும். நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும் விசைப்பலகையையோ மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கையோ கழற்றிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கெர்னல் இல்லையென்றால் வேறு நிரல். உங்களுடைய நிரலே முந்தைய ஓட்டத்தில் சாகாமல் பின்னணியில் கிடக்கலாம். சில லினக்ஸ் பதிப்புகளில் மோடம்மேனேஜர் புதிய சீரியல் போர்ட்டைக் கண்டதும் இது மோடமா என்று கேட்டுப் பார்க்கும். உபுண்டு 22.04 வந்த புதிதில் பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, சிஹெச்340 சீரியல் சிப்பைத் தன்னுடைய சாதனம் என்று எடுத்துக்கொண்டதால் போர்ட் தோன்றி உடனே மறைந்தது. பிரெய்ல் திரை இல்லாதவர்கள் அந்தச் சேவையை நீக்கியதும் சரியானது. சாதனத்தின் இயக்க அமைப்பான கன்ஃபிகரேஷனை நிரலில் மறுபடி அமைக்கும் அழைப்பும் "பிஸி" கொடுக்கும். ஒரே கன்ஃபிகரேஷன் உள்ள சாதனத்துக்கு அந்த வரி பெரும்பாலும் தேவையே இல்லை, எடுத்துவிட்டுப் பாருங்கள்.

அதே நிரல் லினக்ஸில் ஓடுகிறது, விண்டோஸில் "ஆதரவு இல்லை" (-12) என்கிறதே?

விண்டோஸில் லிப்யுஎஸ்பி நேரடியாகப் பேசிவிட முடியாது, அந்தச் சாதனத்தின்மேல் வின்யுஎஸ்பி போன்ற பொது டிரைவர் இருக்கவேண்டும். அதை ஒட்ட ஸாடிக் என்ற கருவியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று இரண்டு தடவை பாருங்கள். தவறாக மவுஸைத் தேர்ந்தெடுத்தால் மவுஸ் போய்விடும். சீரியல் சிப்பின் டிரைவரை மாற்றினால் காம் போர்ட் காணாமல் போகும், அது கோளாறு இல்லை, நீங்கள் கேட்டதுதான் நடந்திருக்கிறது. பல இண்டர்ஃபேஸ் உள்ள சாதனத்தில் தேவையான ஒன்றுக்கு மட்டும் மாற்றுங்கள்.

ஃபர்ம்வேர் உங்கள் கையில் இருந்தால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஓஎஸ் 2.0 டிஸ்கிரிப்டர்களைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் 8.1 முதல் வின்யுஎஸ்பி தானாகவே ஒட்டிக்கொள்ளும், பயனர் ஸாடிக்கைத் தொடவே வேண்டாம். சாதனம் ஹெச்ஐடி வகை என்றால் லிப்யுஎஸ்பியை விட்டுவிட்டு ஹிட்ஏபிஐ பக்கம் போங்கள்.

பையுஎஸ்பியை பிப் வழியாக நிறுவியபிறகும் "பேக்எண்ட் இல்லை" என்கிறது.

பையுஎஸ்பி வெறும் பைதான் உறை, அடியில் லிப்யுஎஸ்பி தனியாக இருக்கவேண்டும். விண்டோஸில் அந்த டிஎல்எல் கோப்பு பைதானின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறதா, 64 பிட் பைதானுக்கு 64 பிட் கோப்புதானா, இந்த இரண்டையும் பாருங்கள்.

எண்ட்பாயிண்ட் 1 என்று போட்டுத்தான் படிக்கிறேன், ஏன் வரவில்லை?

எண்ட்பாயிண்ட் என்பது சாதனத்தில் தரவு போகும் அல்லது வரும் ஒரு வாசல்; 1 என்பது கணினியிலிருந்து வெளியே போகும் பாதை. எண்ட்பாயிண்ட் முகவரியின் மேல் பிட் திசையைச் சொல்லும். உள்ளே வரும் பாதை என்றால் ஹெக்ஸில் 81, வெளியே போனால் 01. இன், அவுட் இரண்டும் எப்போதும் கணினியின் பக்கத்திலிருந்துதான், ஃபர்ம்வேர் எழுதும்போதும் அப்படித்தான், இதில் குழம்பாதவர்கள் குறைவு.

ஊகித்து எண் போடாதீர்கள். எல்எஸ்யுஎஸ்பியை விரிவான வெளியீட்டோடு ஓட்டினால் ஒவ்வொரு இண்டர்ஃபேஸுக்கும் எந்தெந்த எண்ட்பாயிண்ட், என்ன வகை, அதிகபட்ச பாக்கெட் அளவு என்ன என்று எல்லாம் வரும். அதை நகலெடுத்து நிரலின் மேலேயே குறிப்பாக ஒட்டிவிடுங்கள், கீழே வரும் பல பதில்களுக்கு அந்தப் பாக்கெட் அளவு தேவைப்படும்.

இண்டரப்ட் எண்ட்பாயிண்ட்தானே, சாதனம் தானாக அனுப்பும், நான் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்?

பெயர்தான் இண்டரப்ட். யுஎஸ்பி 2.0 வரை சாதனம் தானாக வாய் திறப்பதே கிடையாது, கணினி கேட்டால் மட்டுமே பதில். இண்டரப்ட் வகையில் கணினி குறித்த இடைவெளியில் தவறாமல் கேட்கும் என்பது மட்டும்தான் உத்தரவாதம். ஃபுல் ஸ்பீடில் (பெயருக்கு மாறாக, இது ஹை ஸ்பீடைவிட மெதுவான வேகம்) அந்த இடைவெளி 1 முதல் 255 மில்லிசெகண்ட் வரை, டிஸ்கிரிப்டரில் எழுதியிருக்கும். நீங்கள் படிக்கும் அழைப்பை வைக்காதவரை கணினி கேட்காது, சாதனத்தின் பஃபர் நிரம்பி வழியலாம், பழைய தகவல் போய்விடலாம். அதனால் படிக்க ஒரு தனி திரெட் வையுங்கள், அல்லது எப்போதும் ஒரு கோரிக்கை காத்திருக்கும்படி அசிங்க் முறையில் (கோரிக்கையை வைத்துவிட்டு நகர்ந்து, முடிந்ததும் கால்பேக் வழியாக அழைக்கப்படும் முறை) எழுதுங்கள்.

எப்போது படித்தாலும் டைம்அவுட் (-7). சாதனம் செத்துவிட்டதா?

இல்லை, பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. கணினி கேட்கிறது, சாதனம் "இப்போது ஒன்றும் இல்லை" என்று நாக் பதில் தருகிறது, நீங்கள் கொடுத்த நேரம் முடிகிறது. அதாவது கம்பி, டிரைவர், அனுமதி எல்லாம் சரி. அனுப்ப எதுவும் இல்லை என்று சாதனம் நினைக்கிறது. ஏன் நினைக்கிறது என்பதுதான் கேள்வி. தொடங்கு என்ற கட்டளையையே நீங்கள் இன்னும் அனுப்பாமல் இருக்கலாம், அல்லது அனுப்பியதன் வடிவம் பிடிக்காமல் அது கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். பக்கத்து எண்ட்பாயிண்டைப் படித்துக்கொண்டிருக்கலாம். சீரியலாக வரும் சில போர்டுகளில், டிடிஆர் சைகை (கணினிப் பக்கம் தயார் என்று சொல்லும் சீரியல் சைகை) உயர்த்தப்படும்வரை எதுவும் அனுப்பாதபடி ஃபர்ம்வேர் எழுதப்பட்டிருக்கும். டெர்மினல் நிரல் அதை உயர்த்தும், லிப்யுஎஸ்பி வழியாக நேரடியாகப் பேசும் உங்கள் நிரல் உயர்த்தாது. டெர்மினலில் வருகிறது என் நிரலில் வரவில்லை என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

நேர அலகையும் கவனியுங்கள். லிப்யுஎஸ்பி, ஹிட்ஏபிஐ இரண்டிலும் மில்லிசெகண்ட், பைசீரியலில் செகண்ட். லிப்யுஎஸ்பியில் 0 என்றால் முடிவே இல்லாமல் காத்திரு என்று பொருள், உடனே திரும்பு என்று அல்ல.

கடைசியாக ஒன்று: டைம்அவுட் வந்தது என்பதற்காக ஒன்றுமே வரவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். பாதித் தரவு வந்தபிறகு நேரம் முடிந்திருக்கலாம். எத்தனை பைட் வந்தது என்ற எண்ணிக்கையை எப்போதும் பாருங்கள், அந்தப் பாதியைத் தூக்கிப் போட்டால் அடுத்த செய்தி முழுக்கக் கோணலாக வரும்.

"பைப் எரர்" (-9) என்றால் என்ன? உடைந்துபோன குழாயா?

சாதனம் வேண்டுமென்றே மறுத்திருக்கிறது, ஸ்டால் என்பார்கள். கண்ட்ரோல் கோரிக்கையில் (சாதனத்தை அமைக்கவும் நிலை கேட்கவும் ஆன வகை) வந்தால், இந்தக் கோரிக்கை எனக்குத் தெரியாது அல்லது அளவுருக்கள் தவறு என்று பொருள். கோரிக்கை எண், வேல்யூ, இண்டெக்ஸ், நீளம், கோரிக்கை வகையின் பிட்கள், எல்லாவற்றையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். இண்டெக்ஸில் இண்டர்ஃபேஸ் எண்ணைப் போட மறப்பது அடிக்கடி நடக்கிறது. இந்த ஸ்டால் அடுத்த கோரிக்கையில் தானாகவே விலகிவிடும்.

பல்க் (மொத்தமாகத் தரவு அனுப்பும் வகை), இண்டரப்ட் எண்ட்பாயிண்டில் வந்தால் அது விலகாது. நீங்கள்தான் கிளியர் ஹால்ட் அழைத்து விடுவிக்கவேண்டும், அதுவரை எல்லா அழைப்பும் -9 தான். விடுவித்துவிட்டு அதே தவறான கட்டளையை மறுபடி அனுப்பினால் மறுபடி ஸ்டால். சுழற்சியில் கிளியர் ஹால்ட் போட்டு மறைத்து வைத்திருக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன், பிழையை மறைத்தது தவிர அதனால் பலன் எதுவும் இல்லை.

10 பைட் தானே வேண்டும், 10 என்று கேட்டால் "ஓவர்ஃப்ளோ" (-8) வருகிறது.

சாதனம் 64 பைட் பாக்கெட்டை அனுப்பிவிட்டது, உங்கள் பஃபரில் 10தான் கொள்ளும். பாக்கெட்டைப் பாதியாக வெட்டி வாங்க யுஎஸ்பியில் வழியில்லை. படிக்கும்போது எப்போதும் அதிகபட்ச பாக்கெட் அளவின் மடங்காகக் கேளுங்கள், குறைவாக வந்தால் குறைவாகத்தான் திரும்பும், நஷ்டம் எதுவும் இல்லை. ஹை ஸ்பீட் பல்க் என்றால் அந்த அளவு 512, ஃபுல் ஸ்பீடில் அதிகபட்சம் 64, சூப்பர் ஸ்பீடில் 1024.

63 பைட் அனுப்பினால் பதில் வருகிறது, சரியாக 64 அனுப்பினால் ஹேங் ஆகிறது. பைத்தியம் பிடிக்கிறது!

ஒரு செய்தி முடிந்தது என்பதை எதிர்முனை எப்படி அறியும்? பாக்கெட் அளவைவிடக் குறைவான ஒரு பாக்கெட் வந்தால் அத்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். 63 பைட் குறைவு, முடிந்தது. 64 முழுப் பாக்கெட், அதனால் இன்னும் வரும் என்று காத்திருக்கும். 128, 192 எல்லாம் இதே கதைதான். தீர்வு, கடைசியில் நீளம் 0 உள்ள ஒரு பாக்கெட்டை அனுப்புவது. லினக்ஸில் லிப்யுஎஸ்பி அசிங்க் கோரிக்கைக்கு இதற்கென்றே ஒரு ஃப்ளாக் இருக்கிறது; மற்ற இடங்களில் 0 நீளத்தில் இன்னொரு எழுதும் அழைப்பு வையுங்கள்.

எல்லாச் சாதனமும் இதை எதிர்பார்ப்பதில்லை. செய்தியின் தலைப்பிலேயே நீளம் எழுதியிருக்கும் புரோட்டோகால் என்றால் 0 பாக்கெட் தேவைப்படாது, சில ஃபர்ம்வேர்கள் அதைக் கண்டு குழம்பவும் செய்யும். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: ஃபர்ம்வேர் உங்களுக்கு 64இன் மடங்காக அனுப்பிவிட்டு 0 பாக்கெட் அனுப்பாமல் விட்டால், பெரிய பஃபரோடு படிக்கும் நீங்கள் டைம்அவுட் வரை காத்திருப்பீர்கள், தரவு முழுவதும் வந்திருந்தும்கூட. மேலே எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஹெச்ஐடி சாதனத்துக்கு எழுதுவது எல்லாம் ஒரு பைட் தள்ளிப் போகிறது.

ஹிட்ஏபிஐயில் எழுதும்போது முதல் பைட் ரிப்போர்ட் எண் (ஹெச்ஐடியில் ஒரு தரவுத் தொகுதிக்கு ரிப்போர்ட் என்று பெயர்). ரிப்போர்ட் எண்ணே இல்லாத சாதனம் என்றாலும் அங்கே 0 போடவேண்டும், அதாவது 64 பைட் ரிப்போர்ட்டுக்கு 65 பைட் கொடுக்கவேண்டும். படிக்கும்போது எண் உள்ள சாதனத்தில் மட்டும் முதல் பைட்டாக அது வரும், எண் இல்லாததில் நேரே தரவு. இந்த ஏற்றத்தாழ்வுதான் குழப்பத்துக்குக் காரணம். விசைப்பலகை, மவுஸ் இரண்டையும் விண்டோஸ் தனக்கென்றே பிடித்து வைத்துக்கொள்ளும், அவற்றை இந்த வழியில் படிக்க முயன்று நேரத்தை வீணாக்கவேண்டாம்.

தரவு வருகிறது, ஆனால் எண்கள் அபத்தமாக இருக்கின்றன.

யுஎஸ்பியின் சொந்த டிஸ்கிரிப்டர்களில் மதிப்பு குறைந்த இடத்துப் பைட் முதலில் வரும், லிட்டில் எண்டியன். உங்கள் சாதனத்தின் தரவு எந்த வரிசையில் வரும் என்பது செய்தவர் விருப்பம், ஆவணத்தைப் பாருங்கள். சி மொழியில் ஸ்ட்ரக்ட்டுக்கு மேல் அப்படியே பைட்களைக் கொட்டுகிறீர்கள் என்றால் கம்பைலர் இடையில் வைக்கும் காலி பைட்களை நினைவில் கொள்ளுங்கள், இரண்டாவது புலத்திலிருந்து தவறு ஆரம்பித்தால் காரணம் இதுதான்.

சீரியல் போர்ட்டில் இன்னொரு வகை அபத்தம் உண்டு. நீங்கள் 20 பைட் செய்தியை எதிர்பார்க்கிறீர்கள், ஒரு அழைப்பில் 13ம் அடுத்ததில் 7ம் வருகிறது. சீரியலில் செய்தி எல்லை என்று ஒன்று கிடையாது, வெறும் பைட் ஓட்டம். தொடக்கக் குறி, நீளம், செக்சம் பார்த்து நீங்களே பிரித்தெடுக்கவேண்டும்.

போர்ட்டைத் திறந்த உடனே போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது, முதல் கட்டளை போய்ச் சேருவதே இல்லை.

அர்டுயினோ யுனோ போன்றவற்றில் டிடிஆர் கம்பி ரீசெட்டோடு இணைந்திருக்கிறது, புதிய நிரலை ஏற்ற வசதியாக. போர்ட்டைத் திறந்தால் டிடிஆர் மாறும், போர்டு ரீசெட் ஆகும், பூட்லோடர் கொஞ்ச நேரம் காத்திருக்கும், அந்த நேரத்தில் நீங்கள் அனுப்புவது காற்றில் போகும். பைசீரியலில் திறப்பதற்கு முன்பே டிடிஆரை அணைத்து வைக்கலாம், ஆனால் லினக்ஸில் திறக்கும் கணத்தில் ஒரு சின்னத் துடிப்பு போய்விடலாம். அதைவிட நம்பகமான வழி, போர்டு எழுந்ததும் "தயார்" என்று ஒரு வரி அனுப்பும்படி செய்து அதற்காகக் காத்திருப்பது. ரீசெட் ஆவதை ஏற்றுக்கொண்டு எழுதுவதே எளிது.

முதல் தடவை நன்றாக ஓடுகிறது. மூடிவிட்டு மறுபடி ஓட்டினால் முதல் பதில் காணோம், அல்லது பழைய பதில் வருகிறது.

இரண்டு வேறு நோய்கள். பழைய பதில் வருகிறது என்றால் முந்தைய ஓட்டத்தில் நீங்கள் படிக்காமல் விட்டது சாதனத்தின் பஃபரில் இன்னும் இருக்கிறது. தொடக்கத்தில் சின்ன டைம்அவுட்டோடு காலியாகும்வரை படித்துத் தள்ளிவிடுங்கள்.

முதல் பதில் மட்டும் காணோம் என்றால் டேட்டா டாகிளாக இருக்கலாம். ஒவ்வொரு பாக்கெட்டும் 0, 1 என்று மாறிமாறிக் குறி தாங்கிப் போகும், ஒரே குறி இரண்டு தடவை வந்தால் எதிர்முனை அதை மறு அனுப்பல் என்று நினைத்துச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். நிரல் தொடங்கும்போது கணினிப் பக்கம் 0க்குத் திரும்பி, ஃபர்ம்வேர் மட்டும் 1இல் நின்றால் முதல் பாக்கெட் போச்சு. தொடக்கத்தில் அந்த எண்ட்பாயிண்டுக்குக் கிளியர் ஹால்ட் அழைத்தால் இரண்டு பக்கமும் 0க்கு வரும். அப்படியும் வரவில்லை என்றால் ஃபர்ம்வேர் டாகிளை மீட்டமைக்க மறந்திருக்கிறது, சொந்த ஃபர்ம்வேர்களில் இது சகஜம்.

கொஞ்ச நேரம் ஓடியபின் "சாதனம் இல்லை" (-4) என்று நிற்கிறது. செருகித்தான் இருக்கிறது!

கெர்னல் செய்திகளைப் பாருங்கள், சாதனம் விலகிப் புதிய எண்ணோடு திரும்ப வந்திருக்கும். ஒவ்வொரு முறை வரும்போதும் அதற்குப் புது முகவரி, உங்கள் கையில் இருக்கும் பழைய ஹேண்டில் இனி செல்லாது. அதை மூடிவிட்டு மறுபடி தேடித் திறக்கும்படி எழுதுங்கள். நிரலில் நீங்களே ரீசெட் அழைத்து, அது "கிடைக்கவில்லை" (-5) என்று திரும்பினாலும் இதே சிகிச்சைதான்.

ஏன் விலகுகிறது? மின்சாரத்தை முதலில் பாருங்கள். யுஎஸ்பி 2.0இல் ஒரு சாதனம் அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர் எடுக்கலாம், 3.0இல் 900, தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் ஒரு போர்ட்டுக்கு 100 தான். மோட்டாரோ ரேடியோவோ ஓடத் தொடங்கும் கணத்தில் விலகுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். இல்லையென்றால் மின்சேமிப்பு: விண்டோஸில் செலக்டிவ் சஸ்பெண்ட், லினக்ஸில் பவர்டாப் போன்ற கருவிகள் இயக்கிவிடும் ஆட்டோசஸ்பெண்ட். லினக்ஸில் லிப்யுஎஸ்பி சாதனத்தைத் திறந்து வைத்திருக்கும்வரை அது உறங்காது, மூடிவைத்த இடைவெளியில்தான் உறங்கும், சில ஃபர்ம்வேர்கள் அப்புறம் சரியாக விழிப்பதில்லை.

ஹை ஸ்பீட் 480 மெகாபிட் என்கிறார்கள், எனக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

480 என்பது கம்பியின் வேகம். பல்க்கில் 125 மைக்ரோசெகண்டுக்கு 512 பைட் பாக்கெட் 13 தான் கொள்ளும், அதாவது செகண்டுக்கு 53 மெகாபைட் சொச்சம் என்பது ஏட்டளவு உச்சம், நிஜத்தில் இன்னும் குறையும். ஃபுல் ஸ்பீட் சாதனம் என்றால் மில்லிசெகண்டுக்கு 1216 பைட்தான், செகண்டுக்கு 1.2 மெகாபைட். ஃபுல் ஸ்பீட் ஹெச்ஐடியில் ஒரு எண்ட்பாயிண்டில் மில்லிசெகண்டுக்கு ஒரு 64 பைட் பாக்கெட், செகண்டுக்கு 64,000 பைட். உங்கள் சாதனம் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஹை ஸ்பீட் சாதனம் மோசமான கேபிளால் ஃபுல் ஸ்பீடுக்கு இறங்கியிருக்கலாம்.

அது சரி என்றால் குற்றவாளி நிரல்தான். 512 பைட் படி, செயலாக்கு, மறுபடி 512 படி என்று எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் பஸ் சும்மா இருக்கும். ஒரே அழைப்பில் 64 கிலோபைட், 256 கிலோபைட் என்று கேளுங்கள், அசிங்க் முறையில் நாலைந்து கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி வையுங்கள். எஃப்டிடிஐ சீரியல் சிப்பில் சின்னச் சின்னக் கேள்விபதில் மந்தமாக இருந்தால் லேட்டன்சி டைமரை (சிறு தரவை அனுப்பும் முன் சிப் காத்திருக்கும் நேரம்) குறையுங்கள்; இயல்பாக அது 16 மில்லிசெகண்ட், 1க்கு இறக்கலாம்.

ஒரு கேமரா ஓடுகிறது, இரண்டாவதைத் தொடங்கினால் "இடம் இல்லை" என்று பிழை. டிஸ்க் காலியாகத்தானே இருக்கிறது?

டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீடியோ, ஆடியோ போன்ற தொடர் ஓட்டத்துக்கான ஐசோக்ரனஸ் வகைக்கு பஸ்ஸில் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படும், முதல் கேமரா பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. தெளிவுத்திறனைக் குறையுங்கள், சுருக்கிய வடிவத்துக்கு மாற்றுங்கள், அல்லது வேறு ஹோஸ்ட் கண்ட்ரோலரில் உள்ள போர்ட்டில் செருகுங்கள். பக்கத்துப் போர்ட் பெரும்பாலும் அதே கண்ட்ரோலர்தான். பிழை "நினைவகம் இல்லை" என்றால் அது வேறு: லினக்ஸ் கெர்னல், லிப்யுஎஸ்பி போகும் வழியான யுஎஸ்பிஎஃப்எஸ்ஸுக்கு மொத்தமாக 16 மெகாபைட்தான் இயல்பாகத் தருகிறது, தொழில்துறைக் கேமராக்களுக்கு அது போதாது, அந்த அளவைக் கூட்டவேண்டும்.

ஒரே மாதிரி இரண்டு சாதனம். எது எது என்று எப்படிப் பிரிப்பது?

சீரியல் எண் இருந்தால் அதை வைத்து. மலிவான சிப்களில் அது காலியாகவோ எல்லாவற்றிலும் ஒன்றாகவோ இருக்கும், அப்போது எந்த ஹப்பின் எந்தப் போர்ட் என்ற பாதையை வைத்துப் பிரியுங்கள். முகவரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள், மேலே சொன்னபடி அது ஒவ்வொரு தடவையும் மாறும்.

அசிங்க் கால்பேக் வருவதே இல்லை. மூடும்போது கிராஷ் வேறு.

லிப்யுஎஸ்பி தானாகத் திரெட் வைத்து உங்களைக் கூப்பிடாது. ஈவண்ட்களைக் கையாளும் அழைப்பை யாராவது சுழற்சியில் ஓட்டவேண்டும், அதற்குள்தான் கால்பேக் நடக்கும். கிராஷுக்குக் காரணம், ரத்து செய் என்று சொன்ன கையோடு கோரிக்கையையும் பஃபரையும் விடுவிப்பது. ரத்து அழைப்பு ஒரு வேண்டுகோள் மட்டுமே. ரத்தானது என்ற நிலையோடு கால்பேக் வரும்வரை ஈவண்ட் சுழற்சியை ஓட்டி, அதற்கப்புறம் விடுவித்து, கடைசியாகச் சாதனத்தை மூடுங்கள்.

விர்ச்சுவல் மெஷினிலும் டாக்கரிலும் மட்டும் சாதனம் ஏன் காணாமல் போகிறது?

விர்ச்சுவல் மெஷினில் சாதனம் விஐடி, பிஐடி வைத்து உள்ளே அனுப்பப்படுகிறது. ஃபர்ம்வேரை ஏற்றியபிறகு வேறு பிஐடியோடு திரும்பி வரும் சாதனம் வெளியே, அதாவது ஹோஸ்ட்டில், போய் நின்றுவிடும்; இரண்டு எண்ணுக்கும் ஃபில்டர் போடுங்கள். டாக்கரில் ஒரு சாதனக் கோப்பை மட்டும் கொடுத்தால் பிடுங்கிச் செருகியதும் எண் மாறி அது செல்லாமல் போகும். யுஎஸ்பி அடைவு முழுவதையும் மவுண்ட் செய்து, மேஜர் எண் 189க்கு (லினக்ஸில் யுஎஸ்பி சாதனக் கோப்புகளின் வகை எண்) அனுமதி விதி கொடுப்பது வழி. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யுஎஸ்எல் 2இல் யுஎஸ்பிஐபிடி என்ற கருவி வழியாக இணைக்கவேண்டும், தானாக உள்ளே தெரியாது.

உண்மையில் கம்பியில் என்ன போகிறது என்று பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் லிப்யுஎஸ்பி டீபக் சூழல் மாறியை 4 என்று வைத்து ஓட்டுங்கள், பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும். அப்புறம் போக்குவரத்தைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்: லினக்ஸில் யுஎஸ்பிமான் மாட்யூலோடு, விண்டோஸில் யுஎஸ்பிபிகேப்போடு. தயாரிப்பாளரின் நிரல் வேலை செய்கிறது உங்களுடையது செய்யவில்லை என்றால், இரண்டையும் பதிவு செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது தொடக்கத்தில் அனுப்பும் இரண்டு கண்ட்ரோல் கோரிக்கைகளை நீங்கள் அனுப்பாமல் விட்டிருப்பீர்கள்.

இவை காட்டுவது டிரைவர் மட்டத்துக் கோரிக்கைகளை மட்டுமே. நாக், டாகிள், மறு அனுப்பல் எதுவும் தெரியாது, அவற்றைப் பார்க்க கம்பிக்கு நடுவில் வைக்கும் வன்பொருள் அனலைசர் வேண்டும். ஃபர்ம்வேரும் நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் அது வாங்கத் தகுந்த பொருள், மற்றவர்களுக்கு வயர்ஷார்க் போதும்.

நடுவில் ஒரு பிரின்ட் வரி சேர்த்தால் ஓடுகிறது, எடுத்தால் ஓடவில்லை. இது என்ன விளையாட்டு?

பிரின்ட் எடுத்துக்கொள்ளும் அந்தச் சொற்ப நேரம்தான் வேலை செய்கிறது. சாதனம் முந்தைய கட்டளையை முடிக்கவில்லை, நீங்கள் அடுத்ததை அனுப்பிவிட்டீர்கள். நியாயப்படி ஃபர்ம்வேர் நாக் சொல்லி உங்களை நிறுத்தியிருக்கவேண்டும், பல ஃபர்ம்வேர்கள் வாங்கி வைத்துக்கொண்டு பழையதன்மேல் எழுதிவிடும். பிரின்ட்டுக்குப் பதில் ஸ்லீப் போட்டால் உங்கள் கணினியில் ஓடும், வேகமான இன்னொன்றில் மறுபடி விழும். ஒவ்வொரு கட்டளைக்கும் பதிலைப் படித்தபிறகே அடுத்ததை அனுப்புங்கள், பதிலே இல்லாத கட்டளை என்றால் நிலையைக் கேட்கும் கோரிக்கை ஏதாவது ஆவணத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சி, சி++ என்றால் இன்னொரு சாத்தியமும் உண்டு. அசிங்க் கோரிக்கைக்கு லோக்கல் மாறியைப் பஃபராகக் கொடுத்துவிட்டு ஃபங்ஷனிலிருந்து திரும்பிவிட்டால், கோரிக்கை போய்ச் சேர்வதற்குள் அந்த இடம் வேறு எதற்கோ போய்விட்டிருக்கும். பிரின்ட் சேர்ப்பதால் ஸ்டாக்கில் இடம் மாறித் தற்செயலாகத் தப்பிக்கும். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கி ஓட்டுங்கள். பஃபரை ஹீப்பில் ஒதுக்கி, கால்பேக் வந்தபிறகு விடுவித்தால் சரியாகிவிடும்.